பதினாலு தொட்டிலும் ஒரு மெயின் சுவிட்சும்

கரண்டை நிறுத்தியது நான்தான்.

சொல்லிவிட்டேன். அக்காவுக்கும் அவள் கூட்டாளி ஒருவருக்கும் இது தெரியும். அவர்களைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டது, அதனால்தான் எனக்குப் பயம். பக்கத்துத் தறிக் குடோனில் ராத்திரி ஷிப்ட் ஓடுகிறது, நான் கத்தினால்கூட யாருக்கும் கேட்காது. இருந்தாலும் மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது.

என் பெயர் லோகப்பிரியா. ப்ளஸ் ஒன். ஊர் செங்காட்டுப்பாளையம், சோமனூரிலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிடம். ஊரில் எல்லாம் விசைத்தறிதான். அக்கா நித்யஸ்ரீ பாலுசாமி அண்ணன் குடோனில் நாலு தறி ஓட்டுகிறாள். அவள் குழந்தை ஹாரிகாவுக்கு எட்டு மாதம். மாமா லாரியில் போனால் பத்து நாள் ஆகும் திரும்பி வர. அதனால் ஹாரிகாவும் குடோனில்தான் இருப்பாள், சுவரோரம் இரும்பு ராடில் கட்டிய சேலைத் தொட்டிலில்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் குடோனுக்குள் நுழைந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஹாரிகாவுக்கு அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும். சத்தம் நின்றால் முழித்துக்கொள்வாள். முழித்தால் இரண்டு நிமிடத்துக்குள் ஒண்ணுக்குப் போவாள். எங்கள் லைன் பழையது, ஒரு நாளைக்கு நாலைந்து முறை கரண்டு போகும். தறி நின்றதும் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவே அவளை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பாள். வேலை முடிந்தது. ஹாரிகா டயப்பர் கட்டியதே இல்லை.

எங்கள் தெருவுக்கு ஒரே டிரான்ஸ்பார்மர். அதன் கீழே பதினாலு கைக்குழந்தைகள். கரண்டு போனால் தெரு நெடுகப் பதினாலு அம்மாக்கள் சாக்கடை ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைப் பாதத்தில் வைத்துக்கொண்டு, நேற்றைய சீரியலைப் பேசுவார்கள். கரண்டு வந்ததும் எழுந்து போய்விடுவார்கள். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றோ, இதை ஒருவர் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றோ எங்களுக்குத் தெரியாது.

ஆனி மாதத்தில் ஒரு வேன் வந்தது. வேனில் "மழலையர் இயற்கைக் கழிவு ஒழுங்கு இயக்கம்" என்று எழுதி, சிரிக்கிற குழந்தை ஒன்றின் படம் போட்டிருந்தது. குழந்தையின் இடுப்பில் டயப்பர் இருந்தது. அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

இறங்கியவர் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் அருள்குமார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கோயமுத்தூர்க்காரர், திட்டுவதானாலும் "ங்க" போட்டுத்தான் திட்டுவார். பின்னாலேயே ரப்பர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு டெய்சி மேடம் இறங்கினார். அவர் மூத்த சைகை நிபுணர். குழந்தை ஒண்ணுக்குப் போவதற்கு முன் முகத்தில் காட்டும் சைகைகளைப் படிப்பதில் மூன்று வருடப் பயிற்சி பெற்றவர். பயிற்சி முழுக்க இந்தப் பொம்மையோடுதான்.

"உங்க ஊர்ல எத்தன கொழந்தைங்க டயப்பர் போடறாங்கம்மா?" என்று கேட்டார் அருள்குமார்.

"ஒண்ணும் போடறதில்லீங்," என்றார் சாந்தாமணி அக்கா. அவர் நாலு பெற்றவர். கடைசிப் பையனுக்கு ஒன்பது மாதம். ஊரில் யாருக்கும் பயப்படாத ஆள்.

அருள்குமார் முகம் வாடிவிட்டது. டெய்சி மேடம் ஒரு கோப்பைப் பிரித்து அவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு அவர் எங்களைப் பார்த்து வருத்தமாகச் சொன்னார்: "அப்படி இருக்கக் கூடாதுங்களே. டயப்பர் இருந்தாத்தானுங்க டயப்பரில்லாம ஆக்க முடியும். அடிப்படைக் கணக்கெடுப்புல பூஜ்யம் வந்தா நாங்க என்னத்தக் கொறைக்கறது?"

மறுநாள் வேனில் பதினாலு பெட்டி டயப்பர் வந்திறங்கியது. இரண்டு வாரம் எல்லாக் குழந்தைக்கும் கட்டாயம் கட்ட வேண்டும், பிறகு இயக்கம் வந்து விடுவிக்கும். ஹாரிகா முதல் நாளே தொடையெல்லாம் சிவந்து அழுதாள், அக்கா அவிழ்த்துப் போட்டாள். எல்லார் வீட்டிலும் அதே கதைதான். சாந்தாமணி அக்கா அதைக் கொண்டுபோய்த் தறிக்கு அடியில் வைத்தார், ஒழுகும் ஆயிலை நன்றாகக் குடிக்கிறது என்றார். இரண்டு வாரத்தில் பதினாலு பெட்டியும் காலி. "நூறு விழுக்காடு பயன்பாடு" என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு பயிற்சி. பாலுசாமி அண்ணன் குடோன் வாசலில் சேர் போட்டு, டெய்சி மேடம் பொம்மையின் அக்குளில் பிடித்து அதை அந்தரத்தில் தூக்கிக் காட்டினார்.

"நாற்பத்தைந்து டிகிரி. முதுகு நேராக. தாயின் பார்வை குழந்தையின் புருவத்தின் மீது."

"ஏனுங் டீச்சர், கொழந்தையத் தூக்கறீங்களா, காயப்போட்ட துணியப் புடிக்கறீங்களா?" என்றார் சாந்தாமணி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அம்மா தன் குழந்தையை நீட்டி, "பொம்மை எதுக்குங்க, இதப் புடிச்சுக் காட்டுங்" என்றார். டெய்சி மேடம் இரண்டடி பின்னால் போனார். நிஜக் குழந்தை மூன்றாம் கட்டப் பயிற்சியில்தான் வருமாம்.

எனக்கு வந்த வினை என்னவென்றால், எனக்கு டைப்பிங் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அருள்குமார் என் கழுத்திலும் ஒரு அட்டையை மாட்டினார். "தரவுத் தோழி." பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பதினாலு குழந்தையின் படிவத்தையும் செயலியில் ஏற்ற வேண்டும்.

படிவத்தின் பெயர் முன்னறிவிப்புப் படிவம். குழந்தை ஒண்ணுக்குப் போவதற்கு முன்பே அதை நிரப்ப வேண்டும். புருவம் சுருங்கியதா, உதடு குவிந்ததா, கால் உதைத்ததா என்று ஒன்பது குறியீடு. நிரப்பி அனுப்பினால் பச்சை விளக்கு வரும். பச்சை வந்த பிறகுதான் குழந்தையைக் காலில் வைக்க வேண்டும். எங்கள் ஊர் சிக்னலுக்குப் பச்சை வருவதற்குப் பதினோரு நிமிடம் ஆனது. கரண்டு போயிருந்தால் டவரும் போய்விடும், மறுநாள் காலையில்தான் பச்சை வரும். ஹாரிகா அவ்வளவு நேரம் பொறுக்கிற ஆள் இல்லை. அக்கா மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்த படிவத்தின் மேலேயே போய்விட்டாள்.

ஒரு வாரத்தில் ஒன்பது படிவம் இப்படி நனைந்தது. அருள்குமாரிடம் சொன்னேன். அவர் மேலே எழுதிக் கேட்டார். மேலேயிருந்து சுற்றறிக்கை வந்தது: நனைந்த படிவங்களைக் கிழிக்கக் கூடாது, நிழலில் உலர்த்தி, "ஈரச் சான்று" இணைத்து, இரண்டு பிரதிகளாகச் சமர்ப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கொடியில் ஹாரிகாவின் சட்டைக்குப் பக்கத்தில் அரசு முத்திரை போட்ட தாள் வரிசையாகத் தொங்கியது. சாந்தாமணி அக்கா அவர் பங்குக்குக் கிளிப் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் பொய்யாக எதையும் ஏற்றவில்லை. பயந்த சுபாவம் எனக்கு. நேரம் என்ன என்று அம்மாக்கள் சொன்னார்களோ அதையே ஏற்றினேன். அங்கேதான் மாட்டினேன். மாதக் கடைசியில் அருள்குமார் மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் ஒரு வரைபடம். பதினாலு குழந்தையும் ஒரே நிமிடத்தில், ஒரு நாளைக்கு நாலு முறை.

"இது எப்படிங்க சாத்தியம்? ஒலகத்துல எங்கியும் இல்லீங்க! என்ன சாப்பாடு குடுக்கறீங்க? கம்பங்கூழா? தண்ணி எங்கிருந்து வருது?"

"கரண்டு போனா எந்திரிக்கும்ங்க," என்றாள் அக்கா.

"சரிங்க. அதவிட முக்கியமா ஏதாச்சும்?"

"தறி நின்னா எல்லாம் ஒட்டுக்கா எந்திரிக்கும், எந்திரிச்சாப் போகும்ங்," என்றார் சாந்தாமணி அக்கா. "அதுல என்னுங்க அதிசயம்?"

அருள்குமார் செயலியைத் தட்டிப் பார்த்தார். காரணம் என்ற இடத்தில் உணவு, நீர், தாயன்பு, மரபணு, நிலவு என்று ஐந்துதான் இருந்தது. நிலவுவரை வந்தவர்கள் கரண்டுக்கு வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தாயன்பைத் தட்டினார்.

அதன் பிறகு எங்கள் ஊர் செங்காட்டுப்பாளையம் இல்லை. "ஒத்திசைவுக் கிராமம்." பெயர்ப்பலகை வந்தது. அடுத்து, மாநில இயக்குநர் தங்கராஜ் அவர்களே நேரில் வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது. அம்மாக்களைக் கூட்டி அருள்குமார் விதியை வாசித்தார். கடைசிப் பத்தியைத்தான் மெதுவாக வாசித்தார். நாற்பது நிமிடத்துக்குள் பதினாலு குழந்தையும் போனால் ஊருக்குப் பச்சைச் சான்று. போகாவிட்டால், தறி இரைச்சல் குழந்தைகளின் சைகையை மறைக்கிறது என்று அர்த்தம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தறிக் குடோனில் வைக்கத் தடை. டவுனில் ஒரு "அமைதி மையம்" தயாராகிறது. காலை எட்டு மணிக்கு வேன் வந்து குழந்தைகளை ஏற்றிக்கொள்ளும், மாலை ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும்.

யாரும் சிரிக்கவில்லை, சாந்தாமணி அக்கா உட்பட.

"பால் குடிக்கற புள்ளைங்க, எப்படி உட்டுப்போட்டு இருக்கறது?" என்றாள் அக்கா.

"பாலுக்கு மையத்துல ஏற்பாடு இருக்குதுங்க."

"எம்பட பாலுக்கா?"

அருள்குமார் தாளைப் புரட்டினார். "நீங்க ஏனுங்க பயப்படறீங்க? ரெண்டு மாசமா ஒரு நாள் தவறாமப் போற கொழந்தைங்க. அன்னிக்கும் போகத்தான் போகுதுங்க. தோத்தாலும் தோல்வின்னு எழுத மாட்டோம். மாற்று வெற்றின்னுதான் எழுதுவோம்."

அவர் போனதும் அக்கா ஹாரிகாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஹாரிகா அவள் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். குழந்தையை டவுனுக்கு அனுப்புவதற்குப் பதில் அக்கா தறியை விட்டுவிடுவாள். விட்டால் சோற்றுக்கு வழியில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

சோதனை நாளுக்கு முந்தின நாள் இன்னொரு கடிதம் வந்தது. இயக்குநர் வருகையை முன்னிட்டு, காலை பத்து முதல் ஒரு மணி வரை தடையற்ற மின்சாரம்.

சாந்தாமணி அக்கா கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். "கெட்டுதுடி," என்றார்.

பாலுசாமி அண்ணன் குடோனில் இருபத்துநாலு தறி. குழந்தைகள் அவர்களுடைய இயல்பான சூழலில் இருக்க வேண்டும் என்று தறிகளை ஓடவிட்டார்கள். மற்ற குடோனுக்கெல்லாம் லீவு. பதினாலு தொட்டிலையும் சுவரோரம் வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டினார்கள். ஹாரிகா ஆறு. பத்தரைக்கெல்லாம் பதினாலும் தூங்கிவிட்டது. டிரான்ஸ்பார்மருக்கு அடியில் லைன்மேன் காளிச்சாமி அண்ணனைச் சேர் போட்டு உட்காரவைத்து, இரண்டு பேரைக் காவலுக்கும் நிறுத்தினார்கள். கரண்டு போனால் அவருக்கு மெமோ.

பதினொரு மணிக்கு இயக்குநர் தங்கராஜ் வந்தார். உரையாற்றினார். ஒரு சொல்கூட யாருக்கும் கேட்கவில்லை. மைக் இருந்தது, ஆனால் இருபத்துநாலு தறிக்கு முன்னால் மைக் என்ன செய்யும்? அவர் வாய் மூடும்போதெல்லாம் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் உரை தெரியும், டைப் செய்தது நான்.

"அன்புத் தாய்மார்களே! எனக்கும் இரண்டு குழந்தைகள் உண்டு. அவர்கள் நடக்கத் தொடங்கிய விவரத்தை என் மனைவி உரிய காலத்தில் எனக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். நம் முன்னோர் டயப்பர் இன்றி வாழ்ந்தார்கள் என்கிறார்கள். அவர்களிடம் தரவு இல்லை. ஆகவே அதை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு குழந்தை சிறுநீர் கழித்தால் அது இயற்கை. பதினான்கு குழந்தைகள் கழித்தால் அது நிர்வாகம்!"

பிறகு ஒரு மணியடித்து நாற்பது நிமிடக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள்.

பத்து நிமிடம். ஒன்றும் அசையவில்லை. டெய்சி மேடம் தொட்டில் தொட்டிலாகப் போய் தூங்கும் முகத்தில் புருவத்தைத் தேடினார். இருபது நிமிடம். குனிந்து ஒவ்வொரு குழந்தையின் காதிலும் "ஸ்ஸ்ஸ்" என்றார். தறிச் சத்தத்துக்குள் அது யாருக்குக் கேட்கும்? அம்மாக்கள் குழந்தையைத் தொடக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது நிமிடம். இயக்குநர் அருள்குமாரின் காதருகே குனிந்து ஏதோ கத்தினார். அருள்குமார் பையிலிருந்து மாற்று வெற்றிப் படிவத்தை எடுத்தார். முன்னாலேயே நிரப்பியிருந்தது. தேதி மட்டும் பாக்கி.

நான் வெளியே வந்தேன். எதற்கு வந்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது, அழுகை வந்தது, அதனால் வந்தேன். குடோனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பின்சுவரில் மீட்டர் பெட்டி. ரீடிங் எடுக்க வருபவர் உள்ளே வர வேண்டாம் என்று பாலுசாமி அண்ணன் அதை வெளியே வைத்திருக்கிறார். மீட்டருக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச். டிரான்ஸ்பார்மருக்கு மூன்று பேர் காவல், இதற்கு ஒரு கோழிதான் நின்றிருந்தது.

கைப்பிடியைப் பிடித்து இறக்கினேன். அது கெட்டியாக இருந்தது, தொங்கித்தான் இறக்க வேண்டியிருந்தது.

இருபத்துநாலு தறியும் ஒன்றொன்றாக ஓய்ந்தது. அந்த அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கம் இயக்குநரின் குரல் முழு ஊருக்கும் கேட்டது. அவர் தறிச் சத்தத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், நிறுத்த நேரம் கிடைக்கவில்லை.

"ரிப்போர்ட் நேத்தே அனுப்பியாச்சுய்யா! இதுங்க பேஞ்சா என்ன, பேயாட்டி என்ன!"

அப்புறம் ஒரு தொட்டிலிலிருந்து "ஙே" என்றது. அடுத்தது. அடுத்தது. பதினாலும் முழித்தது. நான் ஓடிவந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாந்தாமணி அக்கா கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நவுருங்க சார், புள்ளைக்கு அவசரம்!" என்று இயக்குநரை முழங்கையால் தள்ளிக்கொண்டு போனார். பதினாலு அம்மாக்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். வரிசையாகக் காலை நீட்டினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினாலுக்குப் பதினாலு. ஹாரிகா இரண்டு முறை போனாள், உபரியாக.

இயக்கத்தின் வீடியோக்காரர் முதல் நொடியிலிருந்து எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கைப்பிடியை ஏற்றிவிட்டு வந்தேன். மொத்தம் நாலு நிமிடம்.

பச்சைச் சான்று கிடைத்தது. குழந்தைகள் குடோனிலேயே இருக்கலாம் என்று உத்தரவும் வந்தது. அக்கா அன்றைக்கு எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்து, காதருகில், "எங்கடி போயிருந்த?" என்றாள். சொன்னேன். என் தலையில் ஒரு கொட்டு வைத்து, அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இயக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே? ஆய்வுக்குழு வீடியோவை அறுபது முறை பார்த்தது. தடையற்ற மின்சாரம் என்று ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், ஆகவே கரண்டு போகவில்லை. கரண்டு போகவில்லை என்றால் தறி நிற்கவில்லை. தறி நிற்கவில்லை என்றால் அந்த நிமிடத்தில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான்: இயக்குநரின் குரல். அந்தக் குரலைக் கேட்டு மூன்று விநாடியில் முதல் குழந்தை முழித்திருக்கிறது.

இயக்குநர் அதே குரலில் வேறு ஏதாவது நல்ல வாசகம் பேசித் தருகிறேன் என்றாராம். டெய்சி மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. அறிவியலில் ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது, எந்த ஒலிக்குக் குழந்தைகள் போனார்களோ அந்த ஒலிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முடிவில் அந்தப் பதிவே இயக்கத்தின் அதிகாரப்பூர்வ ஒலிச்சைகை ஆனது. இப்போது எங்கள் ஊரில் ஒவ்வொரு குடோனிலும் ஒரு ஸ்பீக்கர். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அது கத்துகிறது: "ரிப்போர்ட் நேத்தே அனுப்பியாச்சுய்யா! இதுங்க பேஞ்சா என்ன, பேயாட்டி என்ன!" தறிச் சத்தத்தில் ஒன்றும் தெரிவதில்லை. தறி நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை நான் ஸ்கூல் விட்டு வரும்போது, அருள்குமார் எங்கள் வீட்டு வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். வேன் இல்லை, டெய்சி மேடம் இல்லை.

"ஒரு சின்ன விசாரணைங்க அம்மணி. அன்னிக்குக் கரண்டு போச்சுங்களா?"

"போச்சுங்க."

"அறிக்கையில போகலீங்களே."

"அப்பப் போகலீங்க."

"நல்ல புள்ள. போகாத கரண்ட யாராச்சும் நிறுத்த முடியுங்களா?"

"முடியாதுங்க."

"முடியாது." அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஆனா நீங்க நெம்ப நல்லா நிறுத்துனீங்க, கண்ணு. பின்னாடி மீட்டர்ப் பொட்டியில தூசி மேல அஞ்சு வெரல் பதிஞ்சிருந்துச்சு. சின்ன வெரல்."

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்தார். அதில் என் படம், அதன் கீழே "குரல் ஒருங்கிணைப்பாளர்."

"சனிக்கிழமை அந்தியூர்ல செயல்விளக்கம். இயக்குநர் நேர்ல வந்து குரல் குடுக்கறாரு. நீங்க எங்களோட வாரீங்க. சுவிட்சு எங்க இருக்குதுன்னு முன்னாடியே பாத்துவெச்சுக்கலாம்."

"அந்தியூர்ல தறி இல்லீங்களே?"

"எறக்கியாச்சுங்க. கல்யாண மண்டபத்துல பன்னண்டு தறி. நூல் கெடையாது, நெசவு கெடையாது, சும்மா ஓடும். இயல்பான சூழல் வேணுமுங்கல்ல? நாப்பது கொழந்தைங்க. ஒரு வாரமா அங்கியே வெச்சுப் பழக்கறோம்."

"தூங்குதுங்களா?"

"எங்கீங்க! நாப்பதும் ராப்பகலா அழுதுட்டுக் கெடக்குது. அவங்கம்மாங்களும் தூங்கறதில்ல. பழகிரும்னு இயக்குநர் சொல்லீட்டாரு."

"நான் வராட்டிங்க?"

"வராட்டி ஒண்ணுமில்லீங்க," என்றார் ரொம்ப மரியாதையாக. "அந்த நாலு நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்துரும். அமைதி மையம் பெயிண்டெல்லாம் அடிச்சுத் தயாராத்தான் இருக்குது. ஹாரிகாப் பாப்பா நல்லா இருக்குதுங்களா?"

அட்டையை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

அதற்கப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தியூர்க் குழந்தைகள் தறியில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. பத்து நாளாகத் தூங்காதவர்கள். நான் கைப்பிடியை இறக்கினால், சத்தம் நின்ற அந்த நொடியில், இயக்குநர் எவ்வளவு கத்தினாலும் சரி, நாற்பதும் கண்ணை மூடிவிடும். ஒன்றுகூட ஒண்ணுக்குப் போகாது. நாற்பது தொட்டிலும் அப்படியே அடங்கிப் போகும். இது அருள்குமாருக்குத் தோன்றவே இல்லை.

இறக்காவிட்டாலும் ஒன்றும் போகாது, நாற்பதும் அழுதுகொண்டிருக்கும். கைப்பிடி இறங்கவில்லை என்று சொன்னால் என் மேல் பழி போட மாட்டார்கள், தறி போதவில்லை என்று இன்னும் பன்னிரண்டை இறக்குவார்கள். நான் கைப்பிடியை இறக்கினால் என் கதி, ஹாரிகா கதி என்ன என்று தெரியாது.

இன்றைக்குச் சாயங்காலம் கரண்டு போனபோது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஹாரிகாவைக் காலில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாந்தாமணி அக்கா அவர் பையனை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து நாளாவா?" என்றாள் அக்கா. அவளுக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். "பச்சப் புள்ளைங்க, பத்து நாளாவா தூங்கல?"

"ஆமாக்கா."

"எறக்கீரு."

"அப்பறம் ஹாரிகாவ…"

"அட நீ ஒருத்தி," என்றார் சாந்தாமணி அக்கா. "அந்தாளு பேசி நாப்பது கொழந்தையும் தூங்குச்சுன்னா, அவிங்களுக்குக் கசக்குமா? அடுத்த வாரமே தூங்க வெக்கறதுக்கு ஒரு இயக்கம் ஆரம்பிச்சுப்போடுவாங்க. மூத்தரத்த மறந்துருவாங்க. போயிட்டு வா."

அக்கா சிரிக்கவில்லை. "அவிங்க ஆரம்பிச்சாலும் சரி, ஆரம்பிக்காட்டியும் சரி. நீ எறக்கீரு கண்ணு. இங்க வந்து என்னத்தக் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்."

விடிந்தால் சனிக்கிழமை. ஆறு மணிக்கு வேன் வரும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, சொன்னேனே, பயந்த சுபாவம் என்று. ஆனால் இந்த முறை இறக்கியதும் ஓடிப்போய் ஏற்றப் போவதில்லை. அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். நாற்பது குழந்தையும் அவர்களுடைய அம்மாக்களும் தூங்கி எழுகிற வரைக்கும் யாரையும் தொட விடமாட்டேன்.